ஹீலா செல்லில் என்எஃப்-கப்பா-பி: மூன்று ஜெல் ஷிஃப்ட் ஓட்டிய பதிவு

ஜெல் ஷிஃப்ட் என்பது, புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக ஓடி, தனி டிஎன்ஏவுக்கு மேலே வேறு கோடாக (பேண்டாக) நிற்பதைப் பார்க்கும் முறை. அதில் பேண்ட் வரவழைப்பது பெரிய வித்தை இல்லை. நியூக்ளியஸ் சாற்றையும் குறியிட்ட டிஎன்ஏ துண்டையும் (புரோப்) ஒரு ட்யூபில் கலந்து ஓட்டினாலே ஏதோ ஒரு பேண்ட் வந்து உட்கார்ந்துவிடும். அது யாருடைய பேண்ட் என்று நிறுவுவதில்தான் மொத்த உழைப்பும் போகிறது. ஹீலா என்ற மனிதப் புற்று செல்லுக்கு, அழற்சிச் செய்தி கொண்டுவரும் டிஎன்எஃப்-ஆல்ஃபா புரதத்தைக் கொடுத்து, ஜீன்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதக் கூட்டு நியூக்ளியசுக்குள் போய் டிஎன்ஏவைப் பிடிப்பதை ஜெல்லில் பார்ப்பது இந்த வேலை. மூன்று ஜெல் ஆயிற்று. முதல் இரண்டும் ஏன் கெட்டன என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம்.

எத்தனையோ புரதக் கூட்டுகள் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம், இதன் சுவிட்ச் தெளிவானது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் இதைக் கண்டதே ஜெல் ஷிஃப்டில்தான். சும்மா இருக்கும் செல்லில் என்எஃப்-கப்பா-பியான பி50-பி65 புரத இணை, ஐ-கப்பா-பி-ஆல்ஃபா என்ற புரதத்தின் பிடியில் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். டிஎன்எஃப் வந்ததும் ஐகேகே என்ற கைனேஸ் அந்தப் பிடியின் 32, 36ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏற்றும். அதன்மேல் யுபிக்விட்டின் என்ற அழிவுக்குறி ஒட்டும், புரோட்டியசோம் அதைத் தின்றுவிடும். விடுபட்ட இணை நியூக்ளியசுக்குள் போகும். போன இடத்தில் அது இயக்கும் ஜீன்களில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவின் ஜீனும் ஒன்று. அதனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுப் பிடி தயாராகி, இணையை மறுபடி வெளியே இழுத்து வர ஆரம்பித்துவிடும். ஆகவே நேரம் 30 நிமிடம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு மணி நேரம் வைத்தால் சிக்னல் குறையும்.

செல்லும் டிஎன்எஃப்பும்

10 செ.மீ. டிஷ்ஷில் 80–90% நிரம்பிய ஹீலா, ஒரு நிலைக்கு ஒரு டிஷ். ஹீலாவில் எச்பிவி-18 வைரசின் டிஎன்ஏ இருக்கிறது, எனவே உயிர்ப் பாதுகாப்பு 2ஆம் நிலை அறையில்தான் கையாள வேண்டும்.

டிஎன்எஃப்-ஆல்ஃபாவை 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் மி.லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று கரைத்து வைக்கவும். பிஎஸ்ஏ இல்லாமல் கரைத்தால் இவ்வளவு நீர்த்த புரதம் ட்யூப் சுவரில் ஒட்டிப்போகும். பிறகு 'டிஎன்எஃப் வேலை செய்யவில்லை' என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. 10 மி.லி. மீடியத்தில் இதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் விட்டால் மி.லிட்டருக்கு 10 நானோகிராம் ஆகும். கட்டுப்பாட்டு டிஷ்ஷுக்கும் டிஎன்எஃப் இல்லாத அதே கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விடவும். இரண்டு டிஷ்ஷையும் ஒன்றுபோலத் திறந்து, ஒன்றுபோல இன்குபேட்டரில் வைக்கவும்.

30ஆம் நிமிடம் டிஷ் நேராக ஐஸ்மேல். குளிர்ந்த பிபிஎஸ்சில் இரண்டு முறை அலசி, சுரண்டி எடுத்து, 1.5 மி.லி. ட்யூபில் இறக்க வேண்டும். டிரிப்சின் (செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் என்சைம்) போட்டு எடுக்கக் கூடாது. 37 டிகிரியில் செல் இன்னும் உயிரோடு இருக்கும் ஐந்து நிமிடம் இந்தக் கணக்கில் பெரிய நேரம்.

நியூக்ளியஸ் சாறு

சாறு எடுக்கும் முறைகளில் டிக்னம் முறை லிட்டர் கணக்கில் செல் வளர்ப்பவர்களுக்கானது. ஒரு டிஷ்ஷுக்கு 1989இல் ஷ்ரைபர் குழு வெளியிட்ட சிறு அளவு முறையே போதும்.

ஏ பஃபர்: ஹெப்பீஸ் 10 மில்லிமோலார் (பிஎச் 7.9), பொட்டாசியம் குளோரைடு 10, ஈடிடிஏ 0.1, ஈஜிடிஏ 0.1, டைதயோத்ரைட்டால் 1, பிஎம்எஸ்எஃப் 0.5. சி பஃபர்: ஹெப்பீஸ் 20 (பிஎச் 7.9), சோடியம் குளோரைடு 400, ஈடிடிஏ 1, ஈஜிடிஏ 1, டைதயோத்ரைட்டால் 1, பிஎம்எஸ்எஃப் 1. எல்லாம் மில்லிமோலார். (டைதயோத்ரைட்டாலைச் சுருக்கித் தமிழில் எழுதினால் பூச்சி மருந்தும் இதுவும் ஒன்றாகிவிடும். ட்யூபின்மேல் முழுப் பெயரை எழுதுவது நல்லது.)

கடைசி இரண்டையும் அன்றன்று, பஃபரை எடுக்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும். புரதத்தை வெட்டும் என்சைம்களை (புரோட்டியேஸ்) தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் தங்காது: 25 டிகிரியில் பிஎச் 8இல் 35 நிமிடத்தில் பாதி போய்விடும். டைதயோத்ரைட்டால் 20 டிகிரியில் பிஎச் 7.5இல் 10 மணி நேரத்திலும், 8.5இல் ஒன்றரை மணி நேரத்திலும் பாதியாகும். டைதயோத்ரைட்டால் வெறும் சம்பிரதாயச் சேர்க்கை இல்லை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது அதுதான். பி50இன் 62ஆம் சிஸ்டைன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் புரதம் முழுதாக இருந்தும் டிஎன்ஏவைப் பிடிக்காது. ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பளிச்சென்று தெரியும் பி50 ஜெல் ஷிஃப்டில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

செல்லை 400 மைக்ரோலிட்டர் ஏ பஃபரில் மெல்லக் கலக்கி 15 நிமிடம் ஐஸில் ஊறவிடவும். பஃபரில் உப்புக் குறைவு, அதனால் செல் வீங்கும். 10% என்பி-40 என்ற சோப்பில் 25 மைக்ரோலிட்டர் சேர்த்து 10 விநாடி வோர்டெக்ஸ், உடனே 30 விநாடி சுழற்சி. மேலே நிற்பது சைட்டோபிளாசம். அதைத் தூக்கி எறிய வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

கெடும் இடம் இதுதான். வோர்டெக்ஸ் செய்ததில் 5 மைக்ரோலிட்டரை டிரைபான் புளூ சாயத்தோடு கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சுற்றிலும் சதை ஒட்டாத, நீலம் ஏறிய உருண்டைகள் தெரிய வேண்டும். உருண்டையைச் சுற்றி ஒளிவட்டம்போல ஓரம் தெரிந்தால் செல் இன்னும் உடையவில்லை, ஐந்து விநாடி கூடக் குலுக்கலாம். மாறாக, வண்டல் பிப்பெட் முனையோடு சளிபோல நூலாக இழுத்து வந்தால் நியூக்ளியசே உடைந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. அந்த ட்யூபை அங்கேயே விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்றப் பார்ப்பவர்களுக்கு ஜெல் குழியில் ஒரு கறுப்புக் கட்டிதான் மிச்சம்.

வண்டலின் மேலிருக்கும் நீரை ஊசிமுனை டிப்பால் முழுக்க உறிஞ்சிவிட்டு 60 மைக்ரோலிட்டர் சி பஃபர் விடவும். வண்டலில் 20 மைக்ரோலிட்டர் நீர் தங்கியிருந்தால் 400 மில்லிமோலார் உப்பு 300 ஆகிவிடும், புரதம் அரைகுறையாக இறங்கும். 4 டிகிரியில் 15 நிமிடம் வேகமாக ஆட்டி, 5 நிமிடம் முழு வேகத்தில் சுழற்றி, மேல்நீரை எடுக்கவும். அதுதான் சாறு.

புரத அளவுக்கு பிராட்ஃபோர்டு சோதனை. பிசிஏ சோதனை வேண்டாம், டைதயோத்ரைட்டால் அதிலுள்ள செம்பை ஒடுக்கிப் பொய்யான அளவு காட்டும். அளந்ததும் எல்லாச் சாறுகளையும் சி பஃபரால் ஒரே அடர்த்திக்கு, மைக்ரோலிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம், கொண்டுவந்துவிட வேண்டும். இந்த ஒரு வரியைத் தாண்டிப் போனதுதான் இரண்டாவது ஜெல்லின் கதி. பிறகு 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, திரவ நைட்ரஜனில் முக்கி, மைனஸ் 80இல் வைக்கவும். ஒரு ட்யூப் ஒரு முறைதான் உருக வேண்டும்.

புரோப்

22 அடிகொண்ட இழை, 5-முனையிலிருந்து: ஏஜிடி டிஜிஏ ஜிஜிஜி ஜிஏசி டிடிடி சிசிசி ஏஜிஜி சி. இதில் நடுவே இருக்கும் ஜிஜிஜிஏசிடிடிடிசிசி-தான் கப்பா-பி இடம். 5-முனையில் குறியாகப் பயோட்டின். கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 இன்னும் கூர்மையாகக் காட்டும், ஆனால் 14.3 நாளில் பாதி போய்விடும், அனுமதியும் தனி அறையும் வேண்டும். இந்த அளவு வேலைக்குப் பயோட்டினே மேல்.

போட்டிச் சோதனைக்குப் பொய்ப் புரோப்பும் ஒரு சோடி வாங்கியாக வேண்டும்: மூன்றாம் தொகுதி ஜிஜிஜி என்பதை ஜிஜிசி என்று மாற்றியது, எதிர் இழையிலும் அதற்கேற்ற மாற்றத்தோடு. ஒரே ஒரு எழுத்து மாறினால் என்எஃப்-கப்பா-பி கையை விட்டுவிடும்.

இரண்டு இழையையும் தண்ணீரில் கலந்து சூடாக்கி ஆறவைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். உப்பு இல்லாமல் இழைகள் சரியாகச் சேராது. டிரிஸ் 10 மில்லிமோலார் (பிஎச் 8), ஈடிடிஏ 1, சோடியம் குளோரைடு 50 உள்ள பஃபரில், 10 மைக்ரோமோலாரில், 95 டிகிரி 5 நிமிடம். பிறகு ஹீட் பிளாக்கை அணைத்துவிட்டு ட்யூபை அதிலேயே விட்டுவிடவும். தானாக ஆற ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். ஒரு இழைக்கு மட்டும் பயோட்டின் இருந்தால், பயோட்டின் இல்லாத இழையை 10% கூடுதலாகப் போடவும். துணையில்லாமல் அலையும் இழை பயோட்டின் இல்லாததாக இருக்கட்டும். நியூக்ளியஸ் சாற்றில் ஒற்றை இழையைப் பிடிக்கும் புரதங்கள் ஏராளம். அவை பயோட்டின் உள்ள ஒற்றை இழையைப் பிடித்தால் எல்லா லேனிலும் (ஜெல்லில் ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடம்) அழகான ஒரு பொய் பேண்ட் வரும்.

சேர்ந்த புரோப்பை 500 மடங்கு நீர்த்தால் மைக்ரோலிட்டருக்கு 20 ஃபெம்டோமோல். நீர்ப்பதும் அதே உப்புப் பஃபரில்தான். நீர்த்த பிறகு அதைச் சூடுபடுத்தக் கூடாது.

பிணைப்பு

5 மடங்கு பஃபர்: டிரிஸ் 50 மில்லிமோலார் (பிஎச் 7.5), சோடியம் குளோரைடு 50, மெக்னீசியம் குளோரைடு 5, ஈடிடிஏ 2.5, டைதயோத்ரைட்டால் 2.5, கிளிசரால் 20%. ஒரு ட்யூபுக்கு இதில் 4 மைக்ரோலிட்டர், பாலி டிஐ-டிசி என்ற போலி டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர் (1 மைக்ரோகிராம்), தண்ணீர் 12, சாறு 2 (5 மைக்ரோகிராம்). 10 நிமிடம் கழித்துப் புரோப் 1. மொத்தம் 20.

உப்புக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கவும். பஃபரிலிருந்து 10 மில்லிமோலார், 400இல் இருக்கும் சாறு 2 மைக்ரோலிட்டரிலிருந்து 40, ஆக 50. சாறு 5 மைக்ரோலிட்டர் போட்டால் அது 110 ஆகிவிடும். சாறு போடாத லேனிலும் 2 மைக்ரோலிட்டர் சி பஃபர் போடுவது இதற்காகத்தான்.

புரோப்புக்குப் பின் 20 நிமிடம் அறை வெப்பநிலை என்று எல்லா நெறிமுறையிலும் இருக்கும். அந்த அறை 20–25 டிகிரி அறை. ஏசி ஓடாத சென்னை மே மாத அறை அதில் சேராது. பிசிஆர் மெஷினை 22 டிகிரியில் நிறுத்தி அதில் வைத்துவிட்டால் எல்லா மாதமும் ஒன்றுபோல இருக்கும்.

ஜெல்

6%, இரண்டு மினி ஜெல்லுக்கு 20 மி.லி.: 30% அக்ரிலமைடு (29:1) 4 மி.லி., 5 மடங்கு டிபிஈ (ஜெல் ஓட்டும் பஃபர்) 2 மி.லி., 50% கிளிசரால் 1 மி.லி., தண்ணீர் 12.8 மி.லி., 10% ஏபிஎஸ் 200 மைக்ரோலிட்டர், டெமெட் 20 மைக்ரோலிட்டர் (கடைசி இரண்டும் ஜெல்லை உறைய வைப்பவை). பேண்டில் இருக்கும் புரதத்தை அடையாளம் காண ஆன்டிபாடி சேர்த்த லேன் உள்ள ஜெல்லுக்கு 5% போதும்: அக்ரிலமைடு 3.3, தண்ணீர் 13.5. புரதத்தைக் குலைக்கும் சோப்பான எஸ்டிஎஸ் எங்கும் வரக் கூடாது. வெஸ்டர்னுக்குப் பயன்படும் கண்ணாடித் தட்டையும் டேங்கையும் அலசாமல் எடுத்தால் அந்த மிச்சமே கூட்டைப் பிரித்துவிடும். உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, கையுறை கட்டாயம்.

அரை மடங்கு டிபிஈயில், குளிர் அறையில், 100 வோல்ட்டில் 45 நிமிடம் வெறுமனே ஓட்டவும். ஜெல்லில் தங்கிய ஏபிஎஸ் வெளியேறும். அது தங்கினால் மேலே சொன்ன சிஸ்டைனுக்கு ஆபத்து. பிறகு பஃபரை மாற்றி, குழிகளை சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவி, மாதிரியை இறக்கியதும் தாமதிக்காமல் கரண்ட். மாதிரியில் நீலச் சாயம் வேண்டாம், ஓரத்து லேனில் மட்டும் போதும். 6% ஜெல்லில் புரோமோஃபீனால் நீலம் சுமார் 60 அடியிணை நீள டிஎன்ஏவோடு ஓடும். நம் 22 அடியிணைப் புரோப் அதற்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஆகவே நீலம் மூன்றில் இரண்டு பங்கு தூரம் வந்ததும் நிறுத்த வேண்டும். அடிவரை விட்டால் தனிப் புரோப் டேங்கில் கரைந்திருக்கும், பிறகு புரோப் தீர்ந்ததா, போடவே இல்லையா என்று சொல்ல வழியில்லை.

நேர் மின்னேற்ற நைலான் மெம்பரேனுக்கு, குளிர்ந்த அரை மடங்கு டிபிஈயில், 380 மில்லியாம்பியர் 30 நிமிடம். மெதனால் வேண்டாம். மெம்பரேன் ஈரமாக இருக்கும்போதே 254 நானோமீட்டர் புற ஊதாவில் சதுர செ.மீட்டருக்கு 120 மில்லிஜூல். பிறகு பயோட்டினைக் காட்டும் கிட்டில் உள்ள பிளாக்கிங் பஃபர், ஸ்ட்ரெப்டவிடின்-எச்ஆர்பி (பயோட்டினைப் பிடிக்கும் புரதம், ஒளியெழுப்பும் என்சைமோடு), நாலு முறை கழுவல், ஒளிர் கரைசல். வெஸ்டர்ன் பழக்கத்தில் பால் பவுடரைக் கரைத்துவிடக் கூடாது. பாலில் பயோட்டின் உண்டு, ஸ்ட்ரெப்டவிடின் அதைத்தான் பிடிக்கும்.

முதல் ஜெல், இரண்டாம் ஜெல்

முதலாவதில் சாறு போட்ட எல்லாக் குழியிலும் கறுப்பு, லேன் முழுக்க வெறுமை. தனிப் புரோப்பும் பாதி குறைந்திருந்தது, அதாவது குழியில் மாட்டியது புரோப்தான். காரணம் பாலி டிஐ-டிசி: நீர்த்த ட்யூபை மூல ட்யூப் என்று எடுத்ததால் 1 மைக்ரோகிராமுக்குப் பதில் 0.1 போயிருந்தது. டிஎன்ஏ என்று எதைக் கண்டாலும் ஒட்டும் புரதங்கள் சாற்றில் மிகுதி. அவற்றுக்குத் தீனியாகத்தான் இந்தப் போலி டிஎன்ஏ. தீனி போதாவிட்டால் அவை புரோப்பின்மேல் கட்டிகட்டியாக ஏறும், ஜெல்லுக்குள் நுழையாது. கூடினாலும் தொல்லை, உண்மைப் பேண்டும் மங்கும். புதிய சாறு ஒவ்வொன்றுக்கும் 0.5, 1, 2 மைக்ரோகிராம் என்று மூன்று லேன் ஓட்டி முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது ஜெல் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது ஒரு 'முடிவு' போலவே தெரிந்தது. குழிகள் சுத்தம். டிஎன்எஃப் கொடுக்காத லேனில் ஒரு கூர்மையான பேண்ட், கொடுத்த லேனில் மங்கலான, கீழ்நோக்கி இழுபட்ட பேண்ட். டிஎன்எஃப் பிணைப்பைக் குறைக்கிறது என்று எழுதிவிடலாம் போல இருந்தது. உண்மையில் கொடுக்காத சாறு மைக்ரோலிட்டருக்கு 4 மைக்ரோகிராம், கொடுத்தது 1. இரண்டிலும் 5 மைக்ரோகிராம் வர முதலாவதில் 1.25, இரண்டாவதில் 5 மைக்ரோலிட்டர் போயிருக்கிறது. உப்பு ஒன்றில் 35, மற்றதில் 110 மில்லிமோலார். புரதத்துக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் இடையிலான மின்கவர்ச்சியை உப்பு தளர்த்தும். ஜெல்லுக்குள் போகும் வழியிலேயே கூட்டு பிரிந்தால் புரோப் வழிநெடுகச் சிந்தும், அதுதான் அந்த இழுபட்ட தடம். கூர்மையான பேண்டும் என்எஃப்-கப்பா-பி இல்லை. 200 மடங்கு, அதாவது 4 பிகோமோல், பயோட்டின் இல்லாத இரட்டை இழைப் புரோப்பைப் போட்டியாகப் போட்ட லேனிலும் அது அசையாமல் நின்றது. என்எஃப்-கப்பா-பி என்றால் போட்டி டிஎன்ஏவின் பக்கம் போய்ப் பேண்ட் மறைந்திருக்கும். ஒற்றை இழைக்காரர்களின் வேலை.

மூன்றாவது

சாறுகள் சம அடர்த்தி, புரோப் புதிதாகச் சேர்த்தது. டிஎன்எஃப் இல்லாத லேனில் கீழ்ப் பேண்ட் மட்டும், அதுவும் மெலிசாக. 30 நிமிட லேனில் அதற்குமேல் தடித்த பேண்ட் ஒன்று. உண்மைப் போட்டி டிஎன்ஏ இரண்டையும் துடைத்துவிட்டது. ஓர் எழுத்து மாறிய போட்டி எதையும் தொடவில்லை. பி65 ஆன்டிபாடி லேனில் மேல் பேண்ட் குறைந்து, குழிக்கு அருகே புதுப் பேண்ட் ஏறியது, கீழ்ப் பேண்ட் அப்படியே. பி50 ஆன்டிபாடி இரண்டையும் நகர்த்தியது. ஆக மேலே இருப்பது பி50-பி65 இணை, கீழே பி50-பி50.

இந்த லேன்களுக்கு ஆன்டிபாடியை மைக்ரோலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அடர்த்தியில், ஜெல் ஷிஃப்டுக்கென்றே விற்பதை வாங்க வேண்டும். சாதாரண 0.2 அடர்த்தியில் 2 மைக்ரோகிராம் போட 10 மைக்ரோலிட்டர் தேவை. அதோடு வரும் உப்பும் மற்றதும் சேர்ந்து பேண்டைக் கெடுக்கும். புரோப்புக்கு முன் சாற்றோடு 1 மைக்ரோலிட்டர் சேர்த்து 20 நிமிடம் ஐஸில் வைக்கவும், தண்ணீரை அந்த அளவு குறைக்கவும். வெறும் ஐஜிஜி (இந்தப் புரதங்களைக் குறிவைக்காத ஆன்டிபாடி) லேன் ஒன்று இல்லாமல் ஆன்டிபாடி லேனை நம்ப வேண்டாம். பேண்ட் மேலே ஏறாமல் மறைந்தே போனாலும் திகைக்க வேண்டாம். ஆன்டிபாடி டிஎன்ஏ பிடிக்கும் பக்கத்தையே மூடியிருக்கும், ஐஜிஜி லேனில் பேண்ட் இருந்தால் அதுவும் விடைதான்.

இன்னும் இரண்டு லேன். ஆக்ட்-1 என்ற வேறொரு புரதத்துக்கான புரோப் (நடுவில் ஏடிஜிசிஏஏஏடி) டிஎன்எஃப்பைக் கண்டுகொள்ளாது, இரண்டு சாற்றிலும் ஒரே தடிமனில் வந்தால் சாறுகள் சம தரம். இடம் போதாது என்று இதை விடுபவர்களே அதிகம், விடக் கூடாதது இதுதான். மற்றது, எடுத்து வைத்த சைட்டோபிளாசம். டிஎன்எஃப் கொடுக்காத செல்லினதை எடுத்து சோடியம் டீஆக்சிகோலேட் 0.8% ஆகும்படி ஐஸில் 10 நிமிடம் வைத்து, பிறகு என்பி-40ஐ 1.2%க்கு ஏற்றி ஓட்டினால், ஐ-கப்பா-பி-யின் பிடி கழன்று அதே மேல் பேண்ட் அங்கிருந்தே வரும். பாயெர்லேவும் பால்டிமோரும் 1988இல் இந்தக் கூட்டு செல்லுக்குள் முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று காட்டியது இந்தச் சோப்பு வித்தையால்தான்.

இரண்டாம் முறை உருக்கிய சாற்றில் மேல் பேண்ட் மெலிந்து, கீழ்ப் பேண்டுக்கும் கீழே ஒன்று வேகமாக ஓடினால் அது புதுக் கூட்டு அல்ல, புரோட்டியேஸ் வெட்டிய துண்டு. பிஎம்எஸ்எஃப் மட்டும் போதாமல் போகும் இடம் அது, புரோட்டியேஸ் தடுப்பான் கலவையும் சேர்க்க வேண்டும்.

இதே செட்டிங்கில், ஜீன் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎஃப்-டூ-டி போன்ற பெரிய கூட்டுகளை ஓட்டப் பார்க்க வேண்டாம். எடை 1 மெகாடால்டனைத் தாண்டியவை 6% அக்ரிலமைடின் கண்ணியில் நுழையாது, முதல் ஜெல்லில் பார்த்த அதே கறுப்புக் குழிதான் கிடைக்கும். அவற்றுக்கு மெக்னீசியம் சேர்த்த அகரோஸ் ஜெல்.